எந்தப் பாட்டு அது?

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. ஓராண்டாக அமெரிக்க ராப் பாட்டுகளைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. அவன் அறை வாசலில் நின்றால் துப்பாக்கி, கொலை, காது கூசும் வசவு என்று ஏதேதோ விழுகிறது. இதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளை என்ன ஆவானோ என்று எனக்கும் கணவருக்கும் தூக்கமில்லை. போனைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் அவர். மகனோ, "அதெல்லாம் வன்முறைக்கு எதிரான பாட்டு அம்மா" என்கிறான். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் இயர்போனின் ஒரு முனையைக் கழற்றி என்னிடம் நீட்டவும் செய்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ராப் இசை வன்முறையைப் போற்றுகிறதா, எதிர்க்கிறதா? ஒரே வரியில் தெளிவாகச் சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். மூன்றரைப் பக்கத்துக்குப் பயம் இருக்கிறது. துணி மடித்த கதைக்கு இரண்டே வரி. அந்த இரண்டு வரியை விட்டு நான் நகரப்போவதில்லை.

எந்தப் பாட்டு அது?

உங்களுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே நின்று துப்பாக்கி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த உங்களுக்கு, பிள்ளை தானாகவே கையில் கொடுக்க வந்ததை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. பதினாறு வயதுப் பையன் தன் காதிலிருந்து கழற்றி அம்மாவிடம் நீட்டுகிறான். அந்த வயர் எவ்வளவு நீளம் இருக்கும்? அதில் கேட்க வேண்டுமானால் அவன் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாக வேண்டும். அந்த வயதில் எத்தனை பிள்ளைகள் தாயை அவ்வளவு அருகில் அழைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? மடித்த துணி மறுநாளே கலைந்திருக்கும். "அப்புறம்" என்றீர்களே, அந்த அப்புறம் ஆறு மாதமாக வரவில்லை.

இப்போது என்னிடம் ஒரு வரித் தீர்ப்பு கேட்கிறீர்கள். போற்றுகிறது என்று நான் எழுதினால் போனைப் பிடுங்குவீர்கள். எதிர்க்கிறது என்று எழுதினால் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேலை மிச்சம். அந்த வசதியை நான் செய்துதர மாட்டேன்.

வாசலில் நின்று கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில் இருந்த ஓர் இளைஞனுக்கும் அங்கே சமூகப் பணியாளராக இருந்தவருக்கும் பழக்கமாகி, இருவரும் சேர்ந்து ராப் குழு தொடங்கினார்கள். இளைஞன் கே.ஆர்.எஸ்.-ஒன், மற்றவர் ஸ்காட் லா ராக். 1987இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் உறையிலேயே துப்பாக்கிகள். அதே ஆண்டு ஆகஸ்டில், தன் குழுப் பையன் ஒருவனுக்காகச் சமாதானம் பேசப்போன ஸ்காட் லா ராக் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த ஆண்டு கே.ஆர்.எஸ்.-ஒன் இன்னோர் ஆல்பம் போட்டார். அந்த உறையிலும் கையில் துப்பாக்கியோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். கறுப்பின உரிமைக்காகப் போராடிய தலைவர் மால்கம் எக்ஸின் புகழ்பெற்ற புகைப்படம் ஒன்றைப் போல எடுத்த படம் அது. உங்கள் கணவர் பார்த்திருந்தால் அந்த இசைத்தட்டு தெருவில் கிடந்திருக்கும். ஆனால் உள்ளே ஒரு பாட்டின் தலைப்பே "வன்முறையை நிறுத்து" என்பதுதான். 1989இல் அவர் மற்ற ராப் பாடகர்களையும் திரட்டி, கறுப்பின இளைஞர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொள்வதை எதிர்த்து ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் வருமானம் தேசிய நகர்ப்புற லீக் என்ற சமூக அமைப்புக்குப் போயிற்று. துப்பாக்கியோடு படத்துக்கு நின்றவரும் இவர்தான், நண்பனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்துவிட்டு நிறுத்துங்கள் என்று பாடியவரும் இவர்தான். கதவிடுக்கில் கசியும் நாலு சொல்லை வைத்து இவரை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

உடனே மகன் சொன்னதுதான் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அவனையும் நான் விடப்போவதில்லை. ராப்பில் கொலையை வீரமாகவும் பணத்தைப் பெருமையாகவும் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். அதை விற்றுக் கொழுத்த கம்பெனிகளும் இருக்கின்றன. புகழின் உச்சியில் இருந்த ராப் பாடகர் துபாக் ஷகூர் 1996இல் சுடப்பட்டு இறந்தபோது வயது 25. ஆறே மாதத்தில் இன்னொரு ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் சுடப்பட்டு இறந்தார், வயது 24. அவரைப் பாட்டிலேயே சண்டைக்கு இழுத்தவர் துபாக். இதே துபாக்தான் தன் தாய்க்கு நன்றி சொல்லியும், கைவிடப்பட்ட சிறுமிக்காக வருந்தியும் பாடினார். வீரம் பாடுவதும் ஒப்பாரி வைப்பதும் ஒரே வாயிலிருந்து வருவது நமக்கொன்றும் புதிதில்லை; ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பரணி பாடிய மொழி நம்முடையது.

ஆகவே "எதிரான பாட்டு" என்ற ஒற்றைச் சொல்லில் உங்கள் மகன் தப்பிக்கக் கூடாது. எந்த வரி எதிர்க்கிறது, எந்த வரி கொண்டாடுகிறது என்று அவனே பிரித்துச் சொல்லட்டும். பெண்களைக் குறிக்க அந்தப் பாட்டுகளில் வரும் சொற்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று வரும்போது பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இதை என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். அவன் காது சிவக்கும். சிவக்கட்டும். வேண்டாத பாட்டை வேண்டாம் என்று சொல்ல ஒரு தாய்க்கு முழு உரிமை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது கடமை தவறுவது. ஆனால் அந்த உரிமை கேட்டவளுக்குத்தான். கேட்காதவளுடைய தடையைப் பிள்ளைகள் ஒரு நாள்கூட மதிப்பதில்லை.

1980களில் அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற தாய், தன் பதினொரு வயது மகள் கேட்ட பாட்டைக் கேட்டு அதிர்ந்துபோய், 1985இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து பெரிய இயக்கமே நடத்தினார். இசைத்தட்டுகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டும் வழக்கம் அப்படித்தான் வந்தது. (அவரை அதிரவைத்தது ராப்பே அல்ல, பிரின்ஸ் என்ற பாப் பாடகர் பாடிய பாட்டு.) அவருடைய வழிகளோடு எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் அந்த அம்மாள் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். நீங்கள் கேட்காமலே கோபப்படுகிறீர்கள்.

இன்று இரவு அவன் அறைக்குப் போங்கள். "அன்றைக்குக் காட்ட வந்தாயே, அந்தப் பாட்டைப் போடு" என்று சொல்லுங்கள். வரிகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர்கள் பாடுகிற வேகத்துக்கு நம் காது ஓடாது. பாட்டு முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், அவன் திரையைப் பார்க்க மாட்டான், உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

எந்தப் பாட்டு என்பதை அவனே மறந்திருக்கலாம். வேண்டாம் போங்கள் அம்மா என்றும் சொல்லலாம். ஆறு மாதம் ஆகிவிட்டது. திட்டாமல் திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போய்க் கேளுங்கள். உங்கள் கணவர் போனைப் பிடுங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அவரும் ஒரு பாட்டாவது உட்கார்ந்து கேட்கட்டும்.