பழைய விண்வெளிப் படம் மீண்டும் திரையில்: டிக்கெட் எடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: வீட்டில் பலமுறை பார்த்த பழைய அறிவியல் புனைவுப் படம் ஒன்று, '4கே-யில் புதுப்பிக்கப்பட்டது' என்ற விளம்பரத்தோடு திரையரங்குக்கு வருகிறது. என்னிடம் இருப்பதும் 4கே டிவிதான். பிறகு எதற்குத் திரையரங்கு? இதேபோலப் புதுப்பித்த இன்னொரு படத்தைப் பார்த்து வந்த நண்பர், "திரை முழுக்க மணல் தூவியதுபோல இருந்தது" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது? போனால் எங்கே உட்காருவது?

பதில்: போங்கள். ஆனால் 4கே-க்காகப் போகாதீர்கள். திரையரங்கின் 4கே என்பது 4096 × 2160 புள்ளிகள். உங்கள் டிவியில் 3840 × 2160. இந்தக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெளிச்சத்தில் டிவியே மேல். சாதாரண டிஜிட்டல் திரையிடலுக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). இன்றைய டிவிகள் அதைப் பல மடங்கு தாண்டுகின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் நிற்கும் எண், எந்தச் சுருளை ஸ்கேன் செய்தார்கள் என்பதையோ, படத்தின் எந்த வடிவத்தை மீட்டார்கள் என்பதையோ சொல்வதில்லை. நீங்கள் விசாரிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

முதலில் சுருள். கேமராவில் ஓடியது அசல் நெகட்டிவ். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து நகல் நெகட்டிவ், அதிலிருந்து ஊர் ஊராகப் போன பிரிண்ட். ஒவ்வொரு நகலிலும் நுண்ணிய விவரம் கொஞ்சம் கரைகிறது, பொடித் துகள்கள் கூடுகின்றன. ஆகவே அசல் நெகட்டிவிலிருந்து எடுத்த 2கே (4கே-யில் பாதி அகலம், பாதி உயரம்), ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்த 4கே-யைவிட நன்றாக இருக்க முடியும். 'அசல் நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டது' என்ற வரி அறிவிப்பில் இருந்தால் நல்ல அறிகுறி. இல்லையென்றால் கெட்ட அறிகுறி என்று சொல்லிவிட முடியாது. சில படங்களுக்கு அந்த நெகட்டிவே மிஞ்சவில்லை.

'மெட்ரோபோலிஸ்' அப்படிப்பட்டது. 1927இல் பெர்லினில் வெளியான சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கப்பட்ட படம். தொலைந்ததாக எண்ணிய காட்சிகள் 2008இல் புவெனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடைத்தன. அதுவும் 16 எம்.எம். நகலாக, பழைய பிரிண்டின் கீறல்களெல்லாம் பிம்பத்தோடு சேர்ந்தே பதிவாகியிருந்த நிலையில். ஏறக்குறைய 25 நிமிடக் காட்சிகள். அவற்றைச் சேர்த்து 2010இல் வந்த பதிப்பில் அந்த இடங்கள் வந்ததும் பிம்பம் சற்றே குறுகும், மழை பெய்வதுபோலக் கோடுகள் ஓடும். அதைப் பார்த்து 'இதையா புதுப்பித்தார்கள்' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மென்பொருளை வைத்து இல்லாத விவரத்தைக் கற்பனையாக நிரப்பாமல் விட்டார்களே என்று எனக்கு நிம்மதி.

உங்கள் நண்பரின் மணலுக்கு வருவோம். தொழிலில் அதைக் கிரெயின் என்பார்கள். ஃபிலிமில் பிம்பமே அந்தத் துகள்களால் ஆனதுதான். பிம்பத்தின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. அதை மென்பொருளால் வழித்தெடுத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைகள் ஆகிவிடும். விண்வெளிப் படத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தூசி நீக்கும் மென்பொருளுக்குத் தூசியும் விண்மீனும் ஒன்றுதான். மேற்பார்வை இல்லாமல் ஓடவிட்டால் வானமே காலியாகிவிடும். துகள் தெரிகிறது, விண்மீன்களும் இருக்கின்றன என்றால் வேலை தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஆனால் ஒரே படத்தில் ஒரு காட்சி தெளிவாகவும் அடுத்தது மணலாகவும் இருப்பது ஏன்? கணினி வருவதற்கு முன் விண்கலத்தை ஒரு சுருளிலும் பின்னணியை இன்னொன்றிலும் எடுத்து, ஆப்டிகல் பிரிண்டரில் வைத்து மூன்றாவது சுருளில் மறுபடி படம் பிடிப்பார்கள். அங்கேயே ஒரு நகல் எடுத்த அளவுக்குத் தரம் போய்விடும். இதைத் தெரிந்தே 'குளோஸ் என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' (1977), 'பிளேட் ரன்னர்' (1982) ஆகிய படங்களின் சிறப்பு விளைவுக் காட்சிகளை, அந்த வேலையில் தேர்ந்த டக்ளஸ் ட்ரம்புல் குழுவினர் அகலமான 65 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார்கள். நகலெடுக்கும்போது தரம் இறங்கினாலும் மற்றக் காட்சிகளின் 35 எம்.எம். தரத்துக்குக் கீழே போகாது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் (1968) இயக்குநர் குப்ரிக் இன்னும் பிடிவாதம் காட்டினார். பல விண்வெளிக் காட்சிகளில் பாதி பதிவான நெகட்டிவைக் கழுவாமல் பாதுகாத்து வைத்து, பிறகு அதே நெகட்டிவில் அடுத்த பகுதியைப் பதிவு செய்தார்கள். ஒரு கை தவறினால் எல்லாம் பாழ். அந்தப் படத்தின் டிஸ்கவரி விண்கலத்துக்கு 54 அடி நீள மாதிரியும் செய்தார்கள். அவ்வளவு பாடும் பெரிய திரைக்காக. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது அதில் பாதிகூடக் கண்ணில் படுவதில்லை. நீங்கள் டிக்கெட் எடுப்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

அடுத்தது வடிவம். புதுப்பிப்பு என்றால் எந்த நாளின் படத்துக்குத் திரும்புகிறார்கள்? 'பிளேட் ரன்னர்' 1982இல் நாயகனின் பின்னணிக் குரலோடு வந்தது; 1992இல் குரலை நீக்கிய இயக்குநர் பதிப்பு; 2007இல் இறுதிப் பதிப்பு. மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு என்பதால் ஓடும் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பதிப்பின் பெயரைக் கேட்டே ஆக வேண்டும். 'குளோஸ் என்கவுன்ட்டர்ஸ்' படத்துக்கும் 1977, 1980, 1998 என மூன்று பதிப்புகள் உண்டு. உங்கள் மனத்தில் பதிந்த காட்சி அன்று திரையில் வராமல் போகலாம். தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. ஒலியையும் விசாரியுங்கள். முதலில் வந்த ஒலிக்கலவையா, புதிதாகக் கலந்ததா என்பது தெரிந்தால் நல்லது. பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியை அறை முழுக்கச் சிதறடிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை, ஆனால் அது ரசனை சார்ந்த விஷயம்.

ஒரே படம் டிஜிட்டலிலும் 70 எம்.எம். பிரிண்டிலும் கிடைத்தால் பிரிண்டைத் தேர்ந்தெடுங்கள். 2018இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் முன்னின்று, '2001'க்கு டிஜிட்டல் திருத்தம் எதுவுமே இல்லாத புதிய 70 எம்.எம். பிரிண்டுகளைக் கொண்டுவந்தார். ஃபிலிமில் பிம்பம் லேசாக அசையும், அங்கங்கே புள்ளி தெறிக்கும், சுருள் மாறும் நேரத்தில் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னி மறையும். அவற்றைக் குறையாக எண்ண வேண்டாம்.

இருக்கையில் பெரிய ரகசியம் இல்லை. அகலத்திரைப் படத்துக்கு வழக்கமாக உட்காருவதைவிட இரண்டு மூன்று வரிசை முன்னால், நடுவில். தலையைத் திருப்பாமலே இரு ஓரங்களும் பார்வைக்குள் வர வேண்டும். சப்டைட்டில் உள்ள படமென்றால் மிக முன்னால் போகாதீர்கள். கண் மேலும் கீழும் ஏறியிறங்கியே களைத்துவிடும்.

பத்து நிமிடம் முன்பே போய் இருட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள். டிவி வெளிச்சத்துக்குப் பழகியவர்களுக்குத் திரை முதலில் மங்கலாகவே தோன்றும். '2001' முழு வடிவில் ஓடினால் தொடக்கத்தில் இருண்ட திரையில் வெறும் இசை ஒலிக்கும். புரொஜெக்டர் பழுதல்ல, படம் தொடங்கிவிட்டது, பேசாமல் இருங்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லுங்கள். முதல் 25 நிமிடத்துக்கு வசனமும் கிடையாது. முடிவில் எழுத்துகள் ஓடிய பிறகும் இசை தொடரும். சில அரங்குகளில் அதற்குள் விளக்கைப் போட்டு வாளியோடு வந்துவிடுவார்கள்.

உண்மையாகவே மங்கலாக இருந்தால்? திரும்பிப் புரொஜெக்டர் அறையின் கண்ணாடியைப் பாருங்கள். 3டி அல்லாத படத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள் வந்தால், 3டி லென்ஸைக் கழற்ற மறந்திருக்கக்கூடும். வெளிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். பிம்பத்தின் மேலோ கீழோ வெட்டுப்பட்டாலும், ஃபோகஸ் சரியில்லை என்றாலும் உடனே எழுந்து ஊழியரிடம் சொல்லுங்கள். படம் முடிந்த பிறகு புகார் எழுதினால் அடுத்த காட்சிக்கு வருபவர்களுக்குத்தான் பயன்.