யோசனை என்றொரு சொல் இருக்கிறதே

வணக்கம் ஐயா,

தம்பலகாமத்தில் ஏழாம் தரத்துக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். உளநலம் என்று வாய் திறந்ததுமே பிள்ளைகள் "விசர், விசர்" என்று சிரிக்கிறார்கள். ஒரு தாய் பாடசாலைக்கே வந்து, "இதையெல்லாம் சொல்லிக் குடுத்தா இல்லாத வருத்தத்தையும் பிள்ளை இருக்கெண்டு நினைக்கும்" என்றார். எங்கிருந்து தொடங்குவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

அந்தத் தாயோடு வாதாட வேண்டாம். அவருக்குப் பயம் நோய்ப் பெயர்களில்தான். அதில் நானும் அவர் பக்கம். மனச்சோர்வு, பதகளிப்பு என்று வரைவிலக்கணம் எழுதிப் பாடமாக்கக் கொடுத்தால் பரீட்சையில் இரண்டு புள்ளி வரும். முன்வாங்குக்காரன் பின்வாங்குக்காரனுக்கு வைக்கப் புதுப் பட்டமும் கிடைக்கும்.

நம்மிடம் "யோசனை" என்ற சொல் இருக்கிறதே. "ஒண்டும் யோசிக்காதீங்க" என்றால் கவலைப்படாதீர்கள் என்று எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யோசனை கூடினால் உடம்பில் எங்கே தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தி வயிற்றுக்குத்து என்பாள், ஒருவன் நித்திரை வராது என்பான். திங்கட்கிழமை வயிற்றுக்குத்தைக் கள்ளம் என்று அடித்துப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் வளர்ந்தவன் நான். பயத்தில் குடல் உண்மையாகவே பிசையும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் இரண்டுநாள் யோசனை எல்லோருக்கும் வரும். இரண்டு கிழமையாகியும் நித்திரை, சாப்பாடு, விளையாட்டு பழையபடி வராவிட்டால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஏழாம் தரத்துக்கு இவ்வளவு போதும்.

சிரிப்பை அதட்ட வேண்டாம். "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்ற பகிடியை நம்மிடம்தானே கேட்டுப் பழகினார்கள்? அந்த அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிதான் இன்று இலங்கையின் தேசிய மனநல நிறுவனம். அதன் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. கரும்பலகை மூலையில் எழுதி, அழிக்காமல் விடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளையை எழுப்பி நிறுத்திச் சொந்தக் கதை கேட்காதீர்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு முகாமுக்கு உதவ வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளை அலை கீறச் சொன்னார்கள். நான் பார்த்த ஒரு பொடியன் நாளுக்கு ஒன்று கீறினான். அலை பெரிதானால் கலர்ப்பென்சில் கூடக் கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். இரவில் அவனுக்கு நித்திரையில்லை என்பதை மாதக்கணக்காக ஒருவரும் கவனிக்கவில்லை.

அதனால் வகுப்பில் கதையில் வரும் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். சொல்ல நினைப்பவள் இடைவேளையில் தானாக வருவாள். அப்போது "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிடாதீர்கள். ஆபத்தான விசயமென்றால் உளவளத்துணை ஆசிரியருக்கும் வீட்டுக்கும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில்தான் பிரச்சினை என்றால் சிறுவர் பாதுகாப்புக்கு 1929 இருக்கிறது. "செத்துப்போகலாம் போல கிடக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. இதை அந்தத் தாய்க்கும் சொல்லலாம்.

பாடம் நடந்த பிறகு எழுதுங்கள். கூடுதலானவர்கள் வயிற்றைச் சொன்னார்களா, தலையிடியைச் சொன்னார்களா என்று அறிய ஆசை.