அறுவைக்குக் காத்திருக்கும் அம்மா: எந்த வரிசையில் நிற்கிறார்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அரசு மருத்துவ சேவையில் மூட்டு மாற்று அறுவைக்காகக் குடும்ப மருத்துவர் பரிந்துரைத்து 7 மாதம் ஆகிறது. கடிதமும் இல்லை, போனும் இல்லை. கேட்டால் "ஆள் பற்றாக்குறை" என்கிறார்கள். நிதி கூட்டியதாகச் செய்தி வருகிறது, வரிசை மட்டும் குறையக் காணோம். நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. முதல் வேலை, அம்மா எந்த வரிசையில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது. பரிந்துரைக் கடிதம் போய்ச் சேர வேண்டும். சிறப்பு மருத்துவர் அதைப் படித்து அவசரத் தரம் பிரிக்க வேண்டும். பிறகு முதல் சந்திப்பு, எக்ஸ்ரே, அறுவைப் பட்டியலில் பெயர் ஏறுவது, அறுவைக்கு முந்தைய பரிசோதனை, கடைசியில் தேதி. ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, பெரும்பாலும் தனி அலுவலகம். ஒரு படி முடிந்ததும் தகவல் தானாக அடுத்ததற்குப் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதில்தான் மாதங்கள் கரைகின்றன. 7 மாதமாக ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை என்றால், கடிதம் எங்கோ சிக்கிவிட்டதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எந்த நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் சிகிச்சை தொடங்க 18 வார வரம்பு, பரிந்துரை பதிவான நாளிலிருந்து எண்ணப்படும். ஆஸ்திரேலியாவில் அறுவைக்கு மூன்று தரங்கள்: 30 நாள், 90 நாள், 365 நாள். ஆனால் அங்கே கடிகாரம் ஓடத் தொடங்குவது அறுவைப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான். அதற்கு முன் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. 'சராசரிக் காத்திருப்பு இத்தனை நாள்' என்று யார் சொன்னாலும், எங்கிருந்து எங்கே வரை என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மருத்துவமனையின் பொது எண்ணில் இதற்கு விடை கிடைக்காது. எலும்பு மூட்டுப் பிரிவில் பதிவு செய்யும் அலுவலகத்தையோ, சிறப்பு மருத்துவரின் செயலரையோ கேளுங்கள். பரிந்துரை எந்தத் தேதியில் பதிவானது, என்ன தரம் போட்டிருக்கிறது, இப்போது எந்தப் படி, அடுத்த படிக்கு யார் பொறுப்பு. இந்த நான்கும் போதும். பேசியவர் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். முகவரியும் போன் எண்ணும் சரிதானா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'இன்னும் சிகிச்சை வேண்டுமா?' என்று கேட்டு அவ்வப்போது கடிதமோ குறுஞ்செய்தியோ வரும். அது பழைய முகவரிக்குப் போய், பதில் வராததால் பெயரை நீக்கிவிடுவதும் நடக்கிறது.

இனி ஆள் பற்றாக்குறை. அது வெறும் சாக்கு அல்ல. வார்டில் ஒரு நர்ஸ் இரவும் பகலும் இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 37.5 மணி வேலை செய்தால் நாலரைப் பேர் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்துக்கும் மேல். ஆக, இரண்டு பேர் வேலையை விட்டாலே சில கட்டில்களை மூட வேண்டியதுதான். மயக்க மருந்து நிபுணர் ஒருவர் வராவிட்டால், அறுவை மருத்துவர் கையுறையோடு தயாராக நின்றாலும் தியேட்டர் ஓடாது.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது. ஒரே மருத்துவர், ஒருவருக்குச் சராசரியாக 15 நிமிடம், நோயாளிகள் முன்பின்னாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 60 நிமிடம். 90 சதவீதம் என்றால் 135. 95 என்றால் 285. வேலை கொஞ்சம்தான் கூடுகிறது, காத்திருப்போ பல மடங்கு பெருகுகிறது. கட்டில்களுக்கும் இதே கதிதான். 'ஒரு கட்டில்கூடக் காலியில்லை' என்பதைத் திறமையான நிர்வாகமாகக் காட்டும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த இடத்தில் ஒரு விபத்து வந்தால், முதலில் தள்ளிப்போவது உங்கள் அம்மாவுடையதைப் போல முன்கூட்டித் திட்டமிட்ட அறுவைதான். நிதி கூடினால் கட்டில் வாங்கலாம். நர்ஸை உருவாக்க மூன்று நான்கு ஆண்டு, சிறப்பு மருத்துவரை உருவாக்கப் பத்து ஆண்டுக்கும் மேல்.

இதை நீங்கள் மாற்ற முடியாது. வரிசைக்குள் அம்மாவின் இடத்தை மாற்ற முடியும். பரிந்துரைத்த நாளைவிட நிலை மோசமாகியிருந்தால், அவசரத் தரத்தை மறுபடி பார்க்கக் கேட்டுக் குடும்ப மருத்துவரிடம் புதுக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். 'வலி அதிகம்' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். எத்தனை அடி நடக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறார், இந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை விழுந்தார், குளிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் யார் உதவுகிறார், எந்த மாத்திரை எந்த அளவில் பலிக்கவில்லை என்று இருக்க வேண்டும். கூடவே 'குறுகிய அவகாசத்தில் அழைத்தாலும் வருவோம்' என்று பதிய வையுங்கள். யாரோ ரத்து செய்த இடம் இப்படிச் சொன்னவர்களுக்குத்தான் போகிறது.

ஆனால் அழைப்பு வரும்போது உடல் தயாராக இருக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலருக்குத் தடை சுகர், பிரஷர், ரத்தசோகை. திட்டமிட்ட அறுவைக்கு மூன்று மாதச் சராசரிச் சுகர் (HbA1c) 8.5 சதவீதத்துக்குக் கீழே, பிரஷர் 160/100-க்குக் கீழே என்பது இங்கிலாந்தில் பின்பற்றும் வரம்பு. ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்தை இப்போதே பாருங்கள், மாத்திரை பலனளிக்க வாரக்கணக்கில் ஆகும். சொத்தைப் பல், கால் புண், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் முன்பே முடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, எப்போது நிறுத்துவது என்று பரிசோதனையில் சொல்வார்கள்.

நல்லெண்ணத்தோடு பலர் செய்யும் தவறு ஒன்று: வலி தாங்காமல் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது. ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித் தொற்று ஏற்படும் அபாயம் கூடுவதால், மருத்துவர்கள் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். ஊசிக்கு முன் பட்டியலில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை நாளன்று காலையில் ரத்தானால், புதுத் தேதி கேட்காமல் வீடு திரும்பாதீர்கள். தேதி தர முடியாவிட்டால், எந்த நாளுக்குள் யார் அழைப்பார் என்றாவது எழுதி வாங்குங்கள்.

வலி மாத்திரையில் கவனம் வேண்டும். ஐபுப்ரோஃபன் வகையை இந்த வயதில் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, முழங்கால் திடீரெனச் சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் ஆடுதசை மட்டும் வீங்கி மூச்சு வாங்கினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், பட்டியலில் தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம்.