சின்ன சைக்கிள் கம்பெனி ஒன்று புதிதாக விடப்போகும் மவுன்டன் பைக் பற்றி ஆளாளுக்கு ஊகம் சொல்கிறார்கள். இதில் எதை நம்புவது? அதுவரை பணத்தைப் பிடித்து வைத்துக் காத்திருக்கலாமா?

சில ஊகங்களை நம்பலாம். காத்திருக்க வேண்டாம். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் இதே சமாச்சாரம்தான் எங்கள் வேலூர் சைக்கிள் கூட்டத்தில் கொஞ்ச காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி, பெயர் இங்கே தேவையில்லை, ஸ்டீல் ஃபிரேம் செய்து பெயர் வாங்கினவர்கள். அவர்கள் பட்டறையில் எடுத்த ஏதோ ஒரு படத்தில், மேசைக்குப் பின்னால், இதுவரை யாரும் பார்க்காத ஒரு ஃபிரேமின் பின்பாதி தெரிகிறது. கம்பெனி வாயே திறக்கவில்லை. மூலதனம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டேரி பக்கமாக பாலமதி மலை ஏறி இறங்கி, பாகாயத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால், அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள் (சாமி 1981லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாறுதான் இன்னும் யோசிக்கிறது). அந்த வரிசையில் சைக்கிளே இல்லாத சைக்கிள் சண்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் ஒருவர் அது கார்பன் என்கிறார். இன்னொருவர் மோட்டார் வைத்தது என்கிறார். மூன்றாவது ஆள் 170 மில்லிமீட்டர் அமுங்குகிற சஸ்பென்ஷன் என்று சத்தியமே செய்கிறார். இவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் வரப்போகிற சைக்கிள் எப்படி இருக்கும் என்று தெரியாது, இவர்கள் வீட்டில் எந்த சைக்கிள் இல்லை என்பது தெரிந்துவிடும். சின்ன கம்பெனி என்ன செய்ய ஆசைப்படுகிறது என்று யோசித்தால் முடிவே கிடையாது. அவர்களால் என்ன செய்ய முடியாது என்று யோசித்தால் பாதி ஊகம் தானாக உதிர்ந்துவிடும்.

கார்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஃபிரேமுக்கு ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு வேண்டும். சின்னது, நடுத்தரம், பெரிது, ரொம்பப் பெரிது என்று நாலு சைஸ் விட்டால் நாலு அச்சு, பின்பாகத்துக்கு இன்னொன்று. ஒரு ஃபிரேம்கூட விற்பதற்கு முன்னாலேயே அந்தப் பணம் முழுக்கப் போய்விடும், ஹெட் ஆங்கிளை, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணத்தை, அரை டிகிரி மாற்றலாம் என்று அப்புறம் தோன்றினால் அச்சையும் மாற்ற வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார், ராணிப்பேட்டை பக்கம் பாய்லர் வேலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மவுன்டன் பைக் எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம், அவர் பார்ப்பது வெல்டிங்கை மட்டும். படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி கார்பன்றீங்க, ஜாயின்ட்ல டிக் வெல்டு வரி வரியா தெரியுதே, கண்ணாடி போட்டுப் பாருங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அது அலுமினியமா ஸ்டீலா என்று கேட்டதற்கு, குழாய் ஒல்லியாக இருப்பதைக் காட்டி ஸ்டீல் என்றார். 6061 அலுமினியத்தை வெல்டு செய்தால் ஒட்டின இடத்தைச் சுற்றி பலம் போய்விடும், மறுபடி முழு ஃபிரேமையும் சூளையில் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, அப்புறம் குறைந்த சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால்தான் திரும்ப வரும், அதற்கு ஃபிரேம் மொத்தமாக உள்ளே போகிற அளவு சூளை வேண்டும். 4130 குரோமோலி ஸ்டீலுக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை, வெல்டு செய்து கோணல் பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஆயிற்று. சொந்தப் பட்டறை வைத்திருக்கும் சின்ன ஆட்கள் பலர் ஸ்டீலோடு நிற்பதற்கு ரசனை ஒரு காரணம் என்றால் சூளை இன்னொரு காரணம்.

இந்த அண்ணன் மாதிரி ஊகம் செய்கிறவரை நம்பலாம்.

அடுத்தது காப்புரிமை. இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் மவுன்டன் பைக் வரலாற்றில் சின்ன கம்பெனிகள் எடுத்த பல முடிவுகளுக்குப் பின்னால் வக்கீல்தான் இருந்திருக்கிறார். பின் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிளில், பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், செயின் ஸ்டேயில் (பெடல் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) ஒரு மூட்டு வைப்பார்களே, ஹார்ஸ்ட் லிங்க் என்று, அது ஹார்ஸ்ட் லைட்னர் என்பவரின் வேலை. அதன் அமெரிக்கக் காப்புரிமையை 1998ல் ஸ்பெஷலைஸ்டு என்கிற பெரிய சைக்கிள் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் விற்கிற மற்றவர்கள் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது, இல்லையென்றால் மூட்டை அச்சுக்கு மேலே சீட் ஸ்டேக்கு (சீட்டுப் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) நகர்த்த வேண்டியிருந்தது. டர்னர் என்கிற சின்ன அமெரிக்கக் கம்பெனி ஹார்ஸ்ட் லிங்கில் பெயர் எடுத்துவிட்டு அப்படித்தான் மூட்டை நகர்த்தியது, பிறகு டேவ் வீகிள் என்பவர் வடிவமைத்த டிடபிள்யூ லிங்க் என்ற வேறு சஸ்பென்ஷனுக்குப் போனது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ரசிகர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2013ல் அந்தப் பழைய காப்புரிமை காலாவதி ஆனது, அதற்கு அடுத்த வருஷமே டிரான்சிஷன் என்கிற சைக்கிள் கம்பெனி ஹார்ஸ்ட் லிங்க் வைத்த சைக்கிள்களை அறிவித்தது. காலண்டர் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது ஊகமே இல்லை. அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பம் பொதுவாகத் தாக்கல் செய்த 18 மாதத்தில் வெளியாகிவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டீக்கடையில் சத்தியம் செய்கிற ஆள் மட்டும் படிக்க மாட்டார்.

அப்புறம், ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றுகிற பாகங்கள். 2019ல் ஸ்ராம் என்கிற கியர் கம்பெனி யுடிஹெச் என்று ஒரு டிரெய்லர் ஹேங்கரைக் கொண்டுவந்தது. டிரெய்லர் என்றால் பின்னால் கியர் மாற்றும் கருவி, ஹேங்கர் என்றால் அது தொங்குகிற சின்ன உலோகத் துண்டு. அதுவரை ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு வேறு ஹேங்கர், உடைந்தால் தேடி அலைய வேண்டும், இனிமேல் எல்லாருக்கும் ஒன்றே என்றார்கள், வடிவத்தையும் ஃபிரேம் செய்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இவ்வளவு நல்லவர்களா என்று சிலர் அப்போதே சந்தேகப்பட்டார்கள். 2023 மார்ச்சில், அந்த ஹேங்கரையே கழற்றிவிட்டு ஃபிரேமில் நேராக மாட்டுகிற புதிய டிரெய்லரை ஸ்ராம் வெளியிட்டது. நாலு வருஷம் எல்லாருடைய ஃபிரேமிலும் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் படத்திலும் அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் யுடிஹெச் இடம் தெளிவாகத் தெரிகிறது. அதனால் பின் அச்சு 12 மில்லிமீட்டர், அகலம் அநேகமாக 148 என்று அடித்துச் சொல்லலாம். சின்ன கம்பெனி ஹப் செய்வதில்லை, ஃபோர்க் செய்வதில்லை, கியர் செய்வதில்லை, பெரியவர்கள் வைத்த அளவுக்குள்தான் ஃபிரேமை வளைக்க முடியும்.

விதிவிலக்கு உண்டு. 2005ல் சர்லி என்கிற கம்பெனி பக்ஸ்லி என்ற குண்டு டயர் சைக்கிளை விட்டபோது 3.7 அங்குல டயரும் 65 மில்லிமீட்டர் ரிம்மும் அவர்களே செய்யவைத்து விற்றார்கள், அந்த வகைக்கு அதுவரை கடையில் வாங்குகிற டயரும் ரிம்மும் கிடையாதென்றே சொல்லலாம். ஆனால் சர்லிக்குப் பின்னால் கியூபிபி என்கிற பெரிய சைக்கிள் மொத்த வியாபாரி இருந்தது. எல்லாச் சின்னவர்களும் நிஜமாகவே சின்னவர்கள் இல்லை.

படத்தை வைத்து அளவெடுக்கிறவர்களைப் பற்றியும் கேட்பீர்கள். சரியாகச் செய்தால் ஓரளவு வரும். தெரிந்த அளவுள்ள ஒரு பொருள் படத்தில் வேண்டும்: பிரேக் வட்டு 180 அல்லது 203 மில்லிமீட்டர், 29 அங்குலச் சக்கரம் என்றால் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622. (29, 29 என்று இவ்வளவு பெருமை பேசுகிறார்களே, நம்ம ஊர் 28 அங்குலக் கறுப்பு சைக்கிளுக்கு அதே அளவு 635. தாத்தாவின் ரிம்தான் பெரியது.) அதை வைத்து விகிதம் போட்டு செயின் ஸ்டே எவ்வளவு என்று கணக்கிடலாம். படம் நேர் பக்கவாட்டில், தூரத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும், கைபேசியைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் ஓரங்கள் இழுத்துக்கொண்டு எல்லாம் பொய்யாகும். ஹெட் ஆங்கிள் இன்னும் மோசம். ஃபோர்க் 20 மில்லிமீட்டர் நீளம் கூடினாலே கோணம் சுமார் ஒரு டிகிரி சாய்ந்துவிடும், படத்தில் எந்த ஃபோர்க் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல் 64 என்று ஒருவர், 65 என்று ஒருவர் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. எங்கள் படத்தில் முன்பாதியே கிடையாது. அப்படியும் சண்டை நடக்கிறது.

காத்திருப்பது பற்றி. அறிவிப்பு வேறு, கையில் வருவது வேறு. முதல் தொகுதி ஃபிரேம்கள் அவர்கள் ஊர்க்காரர்களுக்கே போய்விடும். நமக்கு வரவழைத்தால் சரக்குக் கட்டணம், அதன் மேல் வரி. இறக்குமதி சைக்கிளின் சுங்க வரியை 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35க்கு ஏற்றினார்கள், ஜிஎஸ்டி தனி. அதற்குப் பிறகு உதிரி பாகம். சஸ்பென்ஷன் மூட்டில் 6902 மாதிரி பொது பேரிங் போட்டிருந்தால் இங்கே எந்த பேரிங் கடையிலும் நம்பர் சொல்லிக் கேட்கலாம், கம்பெனி தனக்கென்று தனியாகச் செய்த போல்ட்டோ புஷ்ஷோ போட்டிருந்தால் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அறிவிப்பு வரும்போது எடை எவ்வளவு என்று பார்க்கிற நேரத்தில் இதைப் பாருங்கள்.

நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. எங்கள் பக்கம் என்றால் சொல்கிறேன்: பாலமதி, அமிர்தி சாலையைச் சுற்றிய ஒற்றையடிப் பாதைகள், ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏற்றம், இதற்கெல்லாம் 120, 130 மில்லிமீட்டர் அமுங்குகிற ஃபோர்க் வைத்த ஹார்ட்டெய்ல் (பின் சஸ்பென்ஷன் இல்லாத மவுன்டன் பைக்) தாராளம். பின் சஸ்பென்ஷன் இருந்தால் பாறையில் சுகம், இல்லாவிட்டால் உயிர் போகாது. இங்கே ஆளைக் கொல்வது வேலிகாத்தான் முள். டியூப் போட்டு ஓட்டினால் பாதி நேரம் ஓரமாக உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதில் போகும். டியூப்லெஸ் ரிம், 2.4 அங்குல டயர், உள்ளே ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவம், அதையும் எங்கள் வெயிலுக்கு பாட்டிலில் எழுதியிருக்கும் காலத்துக்கு முன்பே காய்ந்துவிடும் என்று நினைத்து அடிக்கடி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். வரப்போகிற சைக்கிளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு துண்டை இதற்குச் செலவழித்துவிட்டு இருக்கிற சைக்கிளை ஓட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் போகிற பாதை என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அதில் விளையாட வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நானும் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. பந்தயம் செயின் ஸ்டே நீளத்தின் மேல். எதிர்க்கட்சி 425 மில்லிமீட்டர் என்கிறது, குட்டையாக இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்குவது சுலபம் என்பதால் அவர்களுக்கு அப்படி ஓர் ஆசை. நான் 435க்குக் குறையாது என்கிறேன். 29 அங்குல ரிம்மில் 2.5 டயர் போட்டால் அதன் ஆரமே கிட்டத்தட்ட 375. 435லிருந்து கழித்தால் மிச்சம் 60, அதில் சுமார் 20ஐ பாட்டம் பிராக்கெட் குழாய் (பெடல் அச்சு சுழலும் குழாய்) தின்றுவிடும், மீதி இடத்தில் சஸ்பென்ஷன் மூட்டு, குறுக்குக் குழாய், சேறு அப்பினால் உரசாமல் இருக்க இடைவெளி எல்லாம் அடங்க வேண்டும். 425 என்றால் இன்னும் 10 போகிறது. எங்கள் படத்திலோ செயின் ஸ்டேக்கு முன்னால் தடித்த மூட்டு ஒன்று தெரிகிறது, வெல்டர் அண்ணனும் என் பக்கம்தான். தோற்றவர் மொத்தக் கூட்டத்துக்கும் ஆம்பூரில் பிரியாணி வாங்கித் தர வேண்டும், கத்தரிக்காய் தொக்கோடு. அளவு வெளியானதும் இதே பதிலின் கீழே எழுதுகிறேன்.