அம்மாவின் கைத்தழும்பு

அன்புள்ள ஐயா,

கொரோனா காலத்தில் என் அம்மா இறந்தார்கள். உடலைத் தொடக்கூட விடவில்லை, மின்மயானத்தில் எரித்துச் சாம்பலை மட்டும் கொடுத்தார்கள். அம்மாவின் வலது கையில் அடுப்பில் சுட்ட தழும்பு ஒன்று உண்டு. கடைசியாக ஒருமுறை அதைத் தொட வேண்டும் என்று இருந்தது. சபையில் எல்லோரும் “உடல் வெறும் கூண்டு, பறவை பறந்துவிட்டது, அழாதே” என்றார்கள். ஆதிக் கிறிஸ்தவர்களும் உடலை அப்படித்தான் நினைத்தார்களா? எரித்தது தவறா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

இல்லை. அந்தக் கூண்டுப் பேச்சு கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ வழியில் வந்தது, பவுல் வழியில் வந்ததல்ல. ஏதென்ஸில் பவுல் பேசிக்கொண்டிருந்தபோது மரித்தோர் உயிர்த்தெழுதல் என்று வந்ததும் சிலர் சிரித்துவிட்டார்கள் என்று அப்போஸ்தலர் 17-ல் இருக்கிறது. கிரேக்கர்களுக்கு ஆத்துமா அழியாது என்ற பேச்சு பழகிய சங்கதி, செத்த உடம்பு எழுந்து வரும் என்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

நமக்கு ‘ஆத்துமா’ என்ற சொல்லே ஒரு குழப்பம். அதைக் கேட்டதும் உடம்புக்குள் வந்து குடியிருந்துவிட்டுப் போகிற ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆதியாகமம் 2:7-ஐ எடுத்துப் பாருங்கள். மண்ணால் உருவாக்கி, நாசியில் சுவாசத்தை ஊதியதும் “மனுஷன் ஜீவாத்துமாவானான்” என்கிறது. ஆத்துமாவைப் பெற்றான் என்று இல்லை, ஆனான் என்று இருக்கிறது. அங்கே எபிரெயத்தில் இருக்கும் ‘நெஃபெஷ்’ என்ற சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, உயிருள்ள ஆள் என்றெல்லாம் பொருள் வரும்.

இரண்டாம் நூற்றாண்டில் இது பெரிய சண்டையாகவே ஆனது. மாமிசத்துக்கு மீட்பே கிடையாது என்று வாலன்டினஸ் என்ற போதகரின் சீடர்கள் சொன்னார்கள். இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்தின் ஆயர் இரனேயு சுமார் 180-ல் ஐந்து புத்தகம் எழுதி அவர்களை மறுத்தார். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமான அப்பத்தையும் கிண்ணத்தையும் தின்று குடித்து வளர்கிற இந்த மாமிசம் எப்படி வீணாய்ப் போகும்? அப்புறம் வட ஆப்பிரிக்காவின் கார்தேஜில் தெர்த்துலியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் வருகிறார். மீட்பு என்ற கதவு திரும்பும் கீல் மாமிசம்தான் என்றார். ஞானஸ்நானத் தண்ணீர் உடம்பில்தானே படுகிறது!

எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். உடலுக்கு முன்பே ஆத்துமாக்கள் இருந்தன என்று ஓரிஜன் என்ற பழைய கிறிஸ்தவ அறிஞர் எண்ணினார், அந்தக் கருத்தைத் திருச்சபை ஆறாம் நூற்றாண்டில் தள்ளிவிட்டது. உடம்பைக் கொடுமையாக வாட்டிய துறவிகளும் உண்டு. ஆனாலும் விசுவாசப் பிரமாணத்தில் நிலைத்தது “சரீரம் உயிர்த்தெழுதல்” தான். வாராவாரம் வாயால் சொல்லிவிட்டு மரண வீட்டில் கூண்டு என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, எரித்ததற்கு வருகிறேன். 177-ல் லியோனில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் உடல்களை ஆறு நாள் வெளியிலேயே போட்டுவைத்து, பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் எண்ணம். தப்பிப் பிழைத்தவர்கள் ஆசியா மைனரிலிருந்த சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் இது அப்படியே இருக்கிறது. அடக்கம் செய்ய முடியவில்லையே என்று துக்கப்பட்டார்கள், நம்பிக்கையை மட்டும் விடவில்லை. மினூசியஸ் ஃபெலிக்ஸ் என்ற பழைய லத்தீன் எழுத்தாளரும் இதையே சொல்கிறார்: எப்படி அடக்கம் செய்தாலும் எங்களுக்கு நஷ்டமென்று பயமில்லை, புதைப்பது பழைய நல்ல வழக்கம் என்பதால் புதைக்கிறோம். ஆகவே எரித்ததை நினைத்து நீங்கள் கலங்க ஒன்றுமில்லை. தொட முடியாமல் போனதற்கு அழுவது வேறு, அதை யாரும் தடுக்கக் கூடாது.

நீங்கள் எழுதிய தழும்பு எனக்கு மக்ரினா என்ற துறவியை நினைவுபடுத்தியது. 379-ல் அவர் இறந்தபோது தம்பியும் நிசா நகர ஆயருமான கிரகோரியார் கூட இருந்தார். உடலுக்கு உடுத்திக்கொண்டிருக்கையில் ஒரு பெண் விளக்கை அருகே கொண்டுவந்து, மக்ரினாவின் மார்பில் ஊசி குத்தியதுபோல் இருந்த சின்ன வடுவைக் காட்டுகிறார். முன்பு அங்கே ஒரு கட்டி இருந்தது, மருத்துவரிடம் காட்ட மறுத்து இரவெல்லாம் ஜெபித்தார், அவருடைய அம்மா சிலுவை அடையாளம் போட்டதும் கட்டி போய்விட்டது, இது மட்டும் மிஞ்சியது என்கிறார். உயிர்த்தெழுதலைப் பற்றித் தனி நூலே எழுதிய கிரகோரியார், அக்காளின் வாழ்க்கையை எழுதும்போது அந்த வடுவையும் அந்த விளக்கையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்.