வீதிச் சுவரும் திருநங்கையர் வரலாறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மதுரை செல்லூரில் வசிக்கும் ஓவியன். சினிமா பேனர் எழுதும் பட்டறையில் தொழில் கற்றேன். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போன பிறகு, பள்ளிச் சுவர்களிலும் கோயில் சுவர்களிலும் வரைந்து பிழைக்கிறேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் நீளமான மதிற்சுவரில் திருநங்கையர் வரலாற்றை வரைந்து தரும்படி குடியிருப்போர் குழு கேட்டிருக்கிறது. அர்த்தநாரீசுவரரையும் அரவானையும் பெரிதாக வரைந்து, நடுவில் ஒரு வாழ்த்து வாசகம் எழுதினால் போதும் என்கிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு திருநங்கையிடம் இதைச் சொன்னேன். "சாமிய வரைஞ்சா கும்பிட்டுட்டுப் போயிருவாங்கண்ணே. எங்களுக்கு வாடகைக்கு வீடு குடுப்பாங்களா?" என்று கேட்டார். அதன்பிறகு எனக்குக் கை ஓடவில்லை. திருநங்கையல்லாத நான் இதை வரையலாமா? வரைந்தால் எதை வரைவது? இது ஓவியமா, சமூக சேவையா என்று நண்பர்கள் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தெருக்காரர் சாமியை மறுக்கவில்லை. சித்திரை முழுநிலவையொட்டி ஊரே அழகரைப் பார்க்க வைகைக் கரையில் திரண்டு நிற்கும் அதே நாட்களில், அரவானாகிய கூத்தாண்டவர் பெயரால் தாலி கட்டிக்கொள்ள நம் ஊர்த் திருநங்கையர் பலர் கூவாகத்துக்குப் பயணப்படுகிறார்கள். அந்த பக்தி அவர்களுடையது, அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் வரலாறு என்று சொல்லி அதன் தெய்வங்களை மட்டும் சுவரில் ஏற்றினால், அந்தத் தெருவிலேயே குடியிருந்து, அதே கடையில் பால் வாங்கி, வீடு கேட்டு ஏறி இறங்கும் மனிதர்கள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். அவருடைய கேள்வியில் இருக்கும் வலி இதுதான். தெய்வங்கள் சுவரின் ஓர் ஓரத்தில் இருக்கட்டும். பெரும்பகுதி இடத்தை மனிதர்களுக்குக் கொடுங்கள்.

மனிதர்களைத் தேட நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் தாடியும் மார்புமாக நிற்கும் பேடிச் சிற்பத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்; ஆண், பெண் இரு சாயலும் கொண்டவரைப் பழந்தமிழ் பேடி, பேடு என்கிறது. அதைவிட உங்கள் வேலைக்கு நெருக்கமான சான்று மணிமேகலையில் இருக்கிறது. மலர்வனம் புக்க காதையில், சோழர் துறைமுகமான புகார் நகரின் வீதியில் மக்கள் எதையெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று சாத்தனார் அடுக்கிக்கொண்டே வருகிறார். "சுரியல் தாடி மருள்படு பூங்குழல்" என்று தொடங்கி, சுருண்ட தாடியும் கருங்கூந்தலும் பவளம் போன்ற வாயும் வெள்ளித் தோடும் கொண்ட பேடிக்கோலத்து ஆடலைப் பத்து அடிகளில் வரைந்து காட்டிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, உயர்ந்த மாளிகைச் சுவர்களில் வெண்சுதை பூசி வித்தகர் எழுதிய "கண்கவர் ஓவியம் கண்டு நிற்குநரும்" என்கிறார். வீதியில் ஆடும் பேடும் வீதியைப் பார்த்த சுவரோவியமும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வருகின்றன. இதைப் பாடியவரோ மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், நம் ஊர்த் தானிய வணிகர். உங்கள் சுவரின் முதல் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கட்டம் கசப்பானது, ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்யச் சொன்ன, 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் முதல் பகுதியைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் வழியில் வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றதை உசிலம்பட்டிப் பக்கத்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்த 1871 சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்றும் இருந்ததைப் பலர் அறிவதில்லை. வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த அது, ஹிஜ்ராக்கள் எனப்படும் வடநாட்டுத் திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றியது. அப்படிப் பதிவானவர் பெண்ணுடையிலோ நகையணிந்தோ பொதுவீதியில் தென்பட்டாலும், வீதியில் ஆடினாலும் இசைக்கருவி வாசித்தாலும், பிடியாணையின்றிக் கைது செய்து 2 ஆண்டுகள் வரை சிறையில் அடைக்கலாம் என்றது. சாத்தனாரின் புகாரில் ஊர்கூடிப் பார்த்த அதே ஆடலைப் பிற்காலத்தில் ஓர் அரசு குற்றமாக்கியது. வீதியில் தோன்றியதே குற்றமென்று தண்டிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் கதையை வீதிச் சுவரில் எழுதுவதற்கு, அரங்கில் மாட்டும் படத்துக்கு இல்லாத ஒரு நியாயம் இருக்கிறது.

அதன் பிறகு நம் காலத்துக்கு வந்துவிடலாம். 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்ததையும், 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றதையும் சிறு அளவில் காட்டினால் போதும், அவை எல்லோரும் அறிந்தவை. மதுரைக்கே உரியவற்றுக்குத்தான் பெரிய இடம் தர வேண்டும். மதுரையில் பிறந்து, தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கையான நர்த்தகி நடராஜ் இருக்கிறார். திருநங்கையரின் வாழ்வைத் திருநங்கையரே தொகுத்து வைக்க வேண்டும் என்று மதுரையில் ஆவண மையம் தொடங்கிய பிரியா பாபு இருக்கிறார். ஒத்தக்கடையைத் தாண்டும்போது நாம் பேருந்திலிருந்து பார்த்துச் செல்லும் உயர் நீதிமன்றக் கிளையில்தான், ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பாலினத் திருத்த அறுவை சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் அடுத்த பகுதியையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் வரையலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரையலாம், தனியாக வரையக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 2016இல் பெங்களூருவில் தொடங்கிய அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட் குழுவில் திருநங்கையரும் மற்றப் பெண்களும் சேர்ந்தே சாரத்தில் ஏறுகிறார்கள். அவர்களுடைய சுவரோவியம் 2024இல் இத்தாலியில் நடந்த வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக்காட்சி வரை சென்றது. சேர்ந்து வரைவதால் ஓவியத்தின் உள்ளடக்கமே எப்படி மாறுகிறது என்பதை நான் நம் ஊரிலேயே கண்டேன். ஓர் அலுவலகச் சுவரில் இளம் ஓவியர் ஒருவர் தட்டும் இரண்டு கைகளைப் பிரமாதமாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். விரல்கள் விரிந்து, உள்ளங்கை சிவந்து, வளையல் குலுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பார்க்க வந்த மூத்த திருநங்கை ஒருவர் வெகுநேரம் நின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கடைக்காரன் எங்கள்ல இத மட்டுந்தான் பாக்குறான். நான் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவ, என் கையில கரண்டியக் குடு" என்றார். ஓவியர் மறுபேச்சில்லாமல் வெள்ளையடித்துவிட்டு மீண்டும் எழுதினார். அண்டா, எழும்பும் ஆவி, முழங்கை வரை ஏற்றிவிட்ட புடவைத் தலைப்பு, நீளக் கரண்டியைப் பிடித்த உறுதியான கை. முதலில் எழுதியது அழகாகத்தான் இருந்தது; இரண்டாவதில்தான் ஒருவருடைய வாழ்க்கை இருந்தது.

இது சேவையா என்று கேட்கும் நண்பர்களிடம் அதிகம் வாதாட வேண்டாம். எதை எழுதுவது, எதை அழிப்பது என்று முடிவெடுப்பதுதான் ஓவியரின் வேலை. அந்த முடிவை ஊர்நடுவே, சம்பந்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து எடுப்பதால் அது கலையிலிருந்து ஒரு படிகூட இறங்குவதில்லை.

செய்ய வேண்டியவை சில. குழுவிடம் போவதற்கு முன், உங்கள் பகுதித் திருநங்கையரின் சமூகக் கூட்டமான ஜமாத்தின் மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தக் கட்டத்தில் எது வர வேண்டும் என்ற கடைசிச் சொல் அவர்களுடையதாக இருக்கட்டும். உயிரோடு இருக்கும் எவர் முகத்தையும் அவர் சம்மதமின்றி எழுதாதீர்கள். வீட்டாருக்குத் தெரியாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு சுவரோவியத்தால் அவர்களுடைய வேலை போய்விடலாம். உங்களோடு தூரிகை பிடிக்கும் திருநங்கையருக்கு உங்களுக்குத் தரும் அதே நாட்கூலியைக் குழு தர வேண்டும். சேவை என்ற பெயரில் அவர்களிடம் இலவச உழைப்பு வாங்குவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓவியத்தின் கீழே பெயர் எழுதும்போது, பெயர் வர வேண்டும் என்று விரும்பும் எல்லோருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

பங்குனியில் தொடங்கினால் சித்திரைக்குள் முடிக்கலாம். உப்புப் பூத்த இடங்களைச் சுரண்டிப் பூச்சு காய்ந்த பின்பு பிரைமர் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும். மணிமேகலைப் பகுதியைப் பொருளுரையோடு தனியே அனுப்பியிருக்கிறேன். குழு தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நானும் வந்து பேசுகிறேன்.

அன்புடன்