“எல்லாம் கவர் ஆகும்” என்று ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா?

கேள்வி: என் தம்பி ஃப்ரீலான்ஸ் வீடியோகிராஃபர், வயது 29. அடுத்த மாதம் உக்ரைனுக்கு மூன்று வாரம் படம் எடுக்கப் போகிறான். நல்ல காட்சி கிடைத்தால் வாங்கிக்கொள்வதாக ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளம் சொல்லியிருக்கிறதாம். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று, எல்லாம் கவர் ஆகும் என்றார் ஏஜென்ட். ஆன்லைனில் புல்லட் புரூஃப் வெஸ்டும் வாங்கிவிட்டான். இது போதுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: போதாதும்மா. தம்பியைப் போக விடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது உங்கள் வீட்டு முடிவு. ஆனால் பாலிசியும் சரி, வெஸ்டும் சரி, தேவைப்படுகிற நாளில் கைவிட்டுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பாலிசியை எடுத்து, ‘விலக்குகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர், போர் என்று அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் நடக்கும் மோதல், இவற்றால் வரும் எதற்கும் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். நம் ஊரில் விற்கிற சாதாரண வெளிநாட்டுப் பயணப் பாலிசியில் அந்த வரி இல்லாமல் நான் பார்த்ததில்லை. தம்பிக்கு கார்கிவ் நகரத்தில் குடல்வால் வெடித்தால் பணம் வரலாம். அதே தெருவில் ஷெல் துண்டு பட்டால் வராது. அவன் போவதே இரண்டாவது ஆபத்து இருக்கிற இடத்துக்குத்தான்.

‘எல்லாம் கவர் ஆகும்’ என்று சொன்ன ஏஜென்டை விட்டுவிட்டு, கம்பெனிக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “உக்ரைனில் பத்திரிகையாளராக வேலை செய்யும்போது ஷெல், ஏவுகணை, ட்ரோன், கண்ணிவெடி இவற்றால் காயம்பட்டால் சிகிச்சைச் செலவும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுவரும் செலவும் இந்தப் பாலிசியில் உண்டா? எந்தப் பிரிவின்படி?” இவ்வளவுதான். பதில் எழுத்தில் வர வேண்டும். என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய ஏஜென்ட், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் தானாகவே ‘சுற்றுலா’ என்று போட்டிருந்தார். கேட்டதற்கு, அப்படிப் போட்டால்தான் பாலிசி சீக்கிரம் கிடைக்கும் என்றாராம். காயம்பட்ட பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் அந்த ஒரு சொல் அவர்கள் கண்ணில் பட்டது. பிரீமியம் வாங்கும் நாளில் கேட்காத கேள்விகளை எல்லாம் கிளெய்ம் வரும் நாளில் கேட்கிற இந்த வழக்கத்தை 20 வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு ஆறவில்லை.

வெளியே கொண்டுவரும் செலவை ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனில் பயணிகள் விமானமே கிடையாது. கிழக்கே கிராமடோர்ஸ்கில் அடிபட்டவரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலோ ஆம்புலன்ஸிலோ போலந்து எல்லைக்குக் கொண்டுவந்த பிறகுதான் விமானம் என்ற பேச்சே. அந்தச் செலவை ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்காது.

போர் ஆபத்தைச் சேர்த்துத் தரும் பாலிசிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு அப்படி ஒன்றை ஏற்பாடு செய்கிறது. இத்தனை நாள், இந்த இடம் என்று கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும். ஃபிக்சரையும் சேர்க்க முடியுமா என்று தம்பி கேட்கட்டும். மொழிபெயர்த்து, வழிகாட்டி, வண்டியும் பார்த்துக்கொடுக்கிற அந்த உள்ளூர்க்காரருக்குப் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் இருப்பதில்லை. 2022 மார்ச்சில் கீவ் அருகே ஹொரென்காவில் ஃபாக்ஸ் நியூஸ் கேமராக்காரரோடு இறந்த உக்ரைன் ஃபிக்சர் ஒலெக்சாண்ட்ரா குவ்ஷினோவாவுக்கு வயது 24.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் குழம்புகிறார்கள். தம்பி பெயரில் முன்பே டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இருக்கிறதா? அது டிராவல் பாலிசி போல இல்லை. அடிப்படை டெர்ம் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் முதல் வருடத் தற்கொலையைத் தவிர வேறு விலக்கு எழுதியிருக்காது. அப்படியானால் போரில் இறந்தாலும் தொகை வர வேண்டும். ஆனால் அதோடு ஒட்டி வாங்கிய விபத்து ரைடரில் போர் விலக்கு இருக்கும். ஆகவே அடிப்படைத் தொகை வரும், ரைடர் தொகை வராது. அப்புறம், விண்ணப்பத்தில் தொழிலை என்னவென்று எழுதினான் என்பது முக்கியம். ‘கல்யாண வீடியோ’ என்று எழுதிவிட்டுப் போர்முனைக்குப் போயிருந்தால், மறைத்துவிட்டான் என்று கம்பெனி சொல்லும். காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டால் அப்படிக் கேள்வி எழுப்ப முடியாது. நடுவில் பிரீமியம் கட்டாமல் விட்டுப் புதுப்பித்திருந்தால் அந்த மூன்று வருடம் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். எனவே பத்திரத்தில் தேதியைப் பாருங்கள். இதுவும் இறந்தால் வரும் பணம்தான். கால் போனால் இந்தப் பாலிசி வாயே திறக்காது.

சரி, வெஸ்ட். உள்ளே கடினமான பிளேட் இருக்கிறதா? வெறும் மெத்தென்ற வெஸ்ட் கைத்துப்பாக்கிக் குண்டையும் சில சிதறல்களையும் தாங்கும், ராணுவத் துப்பாக்கிக் குண்டைத் தாங்காது. முன்னாலும் பின்னாலும் பிளேட் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். எந்த மட்டத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற சான்று இல்லாத ஆன்லைன் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2022இல் லிவிவிலும் கீவிலும் மையம் திறந்து செய்தியாளர்களுக்கு வெஸ்டும் ஹெல்மெட்டும் கடனாகக் கொடுத்தது. கிளம்பும் முன் அவர்களுக்கு எழுதிக் கேட்கட்டும்.

வெஸ்டை விட நான் வற்புறுத்துவது டூர்னிக்கெட், கைகாலில் ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ரட்டாவில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் தொடையில் பட்ட காயத்தில் ரத்தம் போயே இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய நண்பர் ஒருவர், ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தர ஓர் அமைப்பையே தொடங்கினார். போலி டூர்னிக்கெட்டுகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. முறுக்கும்போது குச்சி ஒடிந்துவிடும். தயாரித்தவரிடமோ அவர் பெயர் சொல்லும் விற்பனையாளரிடமோ வாங்கி, ஒற்றைக் கையால் தனக்கே கட்டிப் பழகட்டும்.

மார்பில் ‘பிரஸ்’ என்று எழுதியிருப்பது காப்பாற்றும் என்று தம்பி நினைத்தால், அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுங்கள். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறை, 79ஆம் பிரிவு, செய்தியாளரைப் பொதுமக்களாக நடத்தச் சொல்கிறது. 2015இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2222ஆம் தீர்மானம் போட்டது. தாளில் எல்லாம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் கெர்சனில் ‘பிரஸ்’ வெஸ்ட் போட்டிருந்த உக்ரைன் ஃபிக்சர் போக்தான் பிட்டிக் குறிவைத்துச் சுடப்பட்டு இறந்தார். இப்போது ட்ரோன் வேறு. செய்தியாளரைக் கொன்ற பெரும்பாலான வழக்குகளில் யாருமே தண்டனை பெறுவதில்லை. பெரிய நிறுவனம் பின்னால் இருந்தும் தப்பாதவர்கள் உண்டு. 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் இறந்த நம் டேனிஷ் சித்திக்கி, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர். அன்று கையில் சிதறல் பட்டு, சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் இறந்தார்.

அந்தச் செய்தித் தளத்துக்கு வருவோம். ‘எடுத்து வா, பார்க்கலாம்’ என்பது வேலை இல்லை. லாபம் அவர்களுக்கு, ஆபத்து முழுக்கத் தம்பிக்கு. இன்ன வேலைக்கு அனுப்புகிறோம், இன்னார் பொறுப்பு, அடிபட்டால் இந்த எண் என்று ஆசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்கச் சொல்லுங்கள். உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகத்தின் அக்ரெடிடேஷன், அதாவது செய்தியாளர் அனுமதி, வாங்கவும் அது வேண்டும். கடிதம் தர மறுக்கிறவர்கள் ஆஸ்பத்திரி பில்லையா தரப் போகிறார்கள்? அதற்குப் பதிலாக, காசு வாங்கிக்கொண்டு ‘சர்வதேசப் பிரஸ் கார்டு’ அடித்துக் கொடுக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். நம் ஊரில் பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டத்தான் அது ஆகும். சோதனைச் சாவடியில் சந்தேகத்தை வரவழைக்கும். தடைசெய்த பகுதிக்குள் கூட்டிப்போகிறேன் என்று டெலிகிராமில் பணம் கேட்கும் ஆட்களும் அப்படித்தான். 2022 நவம்பரில் கெர்சனுக்குள் அனுமதியில்லாமல் போனதற்காகப் பெரிய டிவி குழுக்களின் அக்ரெடிடேஷனையே ரத்து செய்தார்கள்.

நீங்கள் வீட்டில் வைத்திருக்க வேண்டியது ஒரு தாள்: பாஸ்போர்ட் நகல், ரத்த வகை, பாலிசி எண், காப்பீட்டுக் கம்பெனியின் 24 மணி நேர எண், ஃபிக்சர் பெயரும் எண்ணும், ஒவ்வொரு இரவும் தங்கும் இடம், கீவ் இந்தியத் தூதரக எண், தளத்தின் ஆசிரியர் எண். தினமும் எத்தனை மணிக்குப் பேசுவான், பேசாவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்து யாரை முதலில் கூப்பிடுவது என்பதை அவனே கைப்பட அதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.